குறிப்பேட்டுப் படமும் 3.84 மீட்டரும்: பூமியும் நிலாவும் சுற்றும் விதம்

காரைக்குடிப் பகுதியில் இயற்பியல் கற்பித்துவரும் எனக்கு, பூமியையும் நிலாவையும் பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை ஒரே படத்திலிருந்து கிளம்புகின்றன என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு உறுதிப்பட்டு வருகிறது. நடுவில் அசையாத பூமி, அதை ஒட்டினாற்போல நிலா, இரண்டும் சூரியனோடு ஒரே மட்டத்தில் என்று மாணவர்கள் குறிப்பேட்டில் வரையும் அந்தப் படம், தாளின் அகலத்துக்கு ஏற்பச் சுருக்கப்பட்டது. அதையே உண்மை நிலையாக மனத்தில் பதித்துக்கொண்ட பிள்ளைகள், தேய்பிறை பூமியின் நிழலால் உண்டாகிறது என்று எழுதுகிறார்கள். நிலாவின் ஒரு பாதியில் எப்போதும் வெயில் விழுகிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் தெரிகிறது என்பதுதான் பிறை. நிழலுக்கு அதில் வேலையே இல்லை.

ஆயிரம் கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராகக் கொண்டு ஒரு மாதிரி அமைத்துப் பார்க்குமாறு பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். செட்டிநாட்டு வீடுகளின் வளவு, அதாவது உள்முற்றம், இதற்கு மிகவும் வசதியான இடம். பூமிக்கு 12.7 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து, நிலாவுக்கு 3.5 சென்டிமீட்டர் எலுமிச்சம்பழம். பழத்தை எங்கே வைப்பது என்று கேட்டால், பிள்ளைகள் பெரும்பாலும் பந்துக்கு ஒரு முழத் தொலைவுக்குள் வைத்துவிடுகிறார்கள். சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர் என்பதால், அது 3.84 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

அடுத்தது பூமியின் அசைவு. நிலாவின் நிறை பூமியின் நிறையில் ஏறத்தாழ 81இல் ஒரு பங்கு. பூமி நிலாவை இழுக்கும் அதே விசையுடன் நிலாவும் பூமியை இழுப்பதால், இரண்டுமே தம் பொது நிறைமையத்தை, அதாவது இரண்டின் நிறையும் சமன்படும் புள்ளியை, சுற்றி 27.3 நாளுக்கு ஒருமுறை வலம் வருகின்றன. அந்த மையம் பூமியின் நடுவிலிருந்து சுமார் 4,670 கிலோமீட்டரில், அதாவது நம் காலடியிலிருந்து ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் ஆழத்தில், எப்போதும் நிலா இருக்கும் பக்கமாகவே அமைகிறது. சூரியனைச் சுற்றிச் சீரான பாதையில் செல்வதும் இந்தப் பொது மையமே. பூமி அதன் இருபுறமும் சற்றே விலகி விலகிச் செல்கிறது. நிலா ஒரு சுற்று முடிக்கும் 27.3 நாளுக்குள் சூரியனின் திசையும் மாறிவிடுவதால், ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள் ஆகிறது.

பௌர்ணமிதோறும் கிரகணம் வராததன் காரணமும் இதே மாதிரியில் விளங்கும். நிலாவின் பாதை பூமியின் பாதைக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதால், பழம் அந்த மட்டத்திலிருந்து 34 சென்டிமீட்டர் வரை மேலேயோ கீழேயோ செல்கிறது. அவ்வளவு தொலைவில் பூமியின் கருநிழலின், அதாவது சூரிய ஒளி முழுவதும் மறைபடும் நிழலின், அகலமோ வெறும் 9 சென்டிமீட்டர். எனவே இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளை ஒட்டி அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால் மட்டுமே கிரகணம் உண்டாகும். நம் பஞ்சாங்கம் கணிக்கும் ராகுவும் கேதுவும் இந்தப் புள்ளிகளே. அவை 18.6 ஆண்டுகளில் வான்வட்டத்தைச் சுற்றிவருவதால்தான், ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை பெயர்ச்சி வருகிறது. கிரகணத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் நம்பும் அதே பஞ்சாங்கத்தில், அஞ்சத் தேவையில்லை என்பதற்கான கணக்கும் இருக்கிறது என்பதை நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

2019 டிசம்பர் 26 காலையில் காரைக்குடி வானில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்துக்கும் தொலைவே காரணம். நிலாவின் கருநிழல் ஏறத்தாழ 3,74,000 கிலோமீட்டர் நீளமுள்ள கூம்பு. நிலாவுக்கும் நமக்கும் உள்ள தொலைவும் ஏறத்தாழ அவ்வளவே என்பதால், சில சமயம் அதன் முனை தரையைத் தொடுகிறது, சில சமயம் தொடாமல் நின்றுவிட, நிலாவைச் சுற்றிச் சூரியனின் விளிம்பு வளையமாக மிஞ்சுகிறது. பூமி சூரியனுக்கு மிக அருகே வரும் ஜனவரி முதல் வாரத்தை ஒட்டிய நாள் அது. சற்றுப் பெரிதாகத் தெரிந்த சூரியனை முழுவதும் மூட நிலாவின் உருவம் 3 விழுக்காடு போதவில்லை.

கிரகணத்தின்போது புதிதாக எந்தக் கதிரும் பூமிக்கு வருவதில்லை. கருவுற்ற பெண்களை அறைக்குள் அடைத்து, உண்ணாமலும் நீர் அருந்தாமலும் வைத்திருப்பதே அவர்களுக்குக் கேடு. சூரியனை வெறுங்கண்ணால் பார்ப்பது மட்டுமே உண்மையான ஆபத்து. 2027 ஆகஸ்ட் 2 மாலையில் இந்தியாவில் பகுதிச் சூரிய கிரகணம் தெரியும். அதற்குள் பள்ளிகள் தரமான சூரியக் கண்ணாடிகளை வாங்கி வைக்கட்டும்; கிடைக்காத இடங்களில், அட்டையில் ஊசித்துளையிட்டுச் சூரியனின் பிம்பத்தைத் தரையில் விழச்செய்து பிள்ளைகளுக்குக் காட்டலாம்.