சக் தான் கடவுளா? ஒரு ஃபேன் தியரி மூளைக்குள்ள எப்படி ஓடுது

சூப்பர்நேச்சுரல் சீரியல் பாக்காதவங்களுக்காக முதல்ல கதைய கொஞ்சம் சொல்லிடறேன். டீன், சாம்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் அமெரிக்கா முழுக்க கார்ல சுத்தி பேய் பிசாசுங்கள வேட்டையாடறாங்க, 2005ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் 15 சீசன், 327 எபிசோட். நாலாவது சீசன்ல, 2009ல, சக் ஷர்லின்னு ஒரு குடிகார எழுத்தாளர் வர்றார், இவங்க வாழ்க்கையில நடக்கறத ஒண்ணு விடாம நாவலா எழுதி புத்தகமா போட்டுட்டு இருக்கார். இவர் ஒரு தீர்க்கதரிசின்னு காஸ்டியேல்ங்கற ஏஞ்சல் சொல்லிடறார், சரின்னு எல்லாரும் விட்டாச்சு. ஆனா 2010 மே மாசம் அஞ்சாவது சீசனோட கடைசி எபிசோட்ல சக் கதைய டைப் பண்ணி முடிச்சுட்டு உக்காந்த இடத்துலயே மறைஞ்சு போயிடறார். ஒரு விளக்கமும் இல்ல. சக் தான் கடவுள்னு ரசிகர்களா யூகிச்ச தியரி அங்க தான் சூடு பிடிச்சுது, ஆமா, கடவுள் தான்னு சீரியல் அதுக்கு நேரா பதில் சொன்னது 2016 மே மாசம்.

ஆறு வருஷம் ஒரு கேள்விய ஜனங்க எப்படி விடாம பிடிச்சுட்டு இருந்தாங்கன்னு யோசிச்சா ரொம்ப ஆச்சரியமா இருக்கு. 2009ல அமெரிக்காவுல கால்டெக்ங்கற யுனிவர்சிட்டியில ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, ஆளுங்கள எம்ஆர்ஐ மெஷின்ல படுக்க வெச்சு பொது அறிவு கேள்விய காட்டி, இதுக்கு பதில் தெரிஞ்சுக்க எவ்வளவு ஆசை, உங்க யூகம் சரியா இருக்கும்னு எவ்வளவு நம்பிக்கைன்னு கேட்டாங்க. சுத்தமா தெரியாத கேள்வியில ஆர்வம் கம்மி, நல்லா தெரிஞ்சதுலயும் கம்மி, அரைகுறையா தெரிஞ்ச கேள்வியில தான் உச்சம். ஆர்வம் ஏறும்போது மூளையில காடேட்னு ஒரு பகுதி சுறுசுறுப்பாகுது, பரிசு வரப்போகுதுன்னு காத்திருக்கறப்போ வேலை செய்யற அதே பகுதி. சக் செத்துப் போயிருந்தா யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க, நான் தான் கடவுள்னு வாயால சொல்லியிருந்தாலும் அன்னைக்கே முடிஞ்சிருக்கும், மறைஞ்சு போனதால தான் நம்மள சரியா அந்த நடு இடத்துல கொண்டு போய் நிறுத்திட்டார்.

2014ல கலிஃபோர்னியாவுல டேவிஸ் யுனிவர்சிட்டி ஆளுங்க கண்டுபிடிச்சது எனக்கு இன்னும் பிடிச்ச விஷயம். கேள்விக்கு பதில் வர்றதுக்கு முன்னாடி காத்திருக்கற அந்த சில விநாடியில, சம்பந்தமே இல்லாத ஒரு முகத்த காட்டியிருக்காங்க, ஆர்வமா காத்திருந்தவங்களுக்கு அந்த முகமும் சேர்ந்து நல்லா பதிஞ்சிருக்கு. ஃபேன்ஸ்க்கு எப்பவோ வந்த சீன்ல யார் கழுத்துல என்ன இருந்துச்சுங்கற வரைக்கும் எப்படி ஞாபகம் இருக்குன்னா, காரணம் ஓரளவுக்கு இது தான்னு நினைக்கறேன்.

கழுத்துல இருந்ததுன்னு சொன்னேன்ல, அந்த தாயத்து தான் இந்த தியரிக்கு பெரிய இடைஞ்சல். டீன் போட்டிருக்கற தாயத்து கடவுள் பக்கத்துல இருந்தா சூடாகும்னு அஞ்சாவது சீசன்ல காஸ்டியேல் சொல்றார், ஆனா சக்க பாக்கப் போனப்போ அது டீன் கழுத்துல தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. இத எப்படி எடை போடறதுன்னா, ஒரு க்ளூ வந்தா தியரி உண்மையா இருந்தா இது எவ்வளவு நடக்கும், பொய்யா இருந்தா எவ்வளவு நடக்கும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கணும், இதுக்கு பேயஸ் கணக்குன்னு பேரு. நம்பர் நானா போட்டுக்கறேன். இதே மாதிரி 100 சீரியல் இருக்குன்னு வெச்சுப்போம், அதுல 20ல சக் கடவுள், 80ல இல்ல. கடவுளா இருந்தும் தாயத்த அமுக்கி வெச்சிருக்க 30 சதவீதம் வாய்ப்பு குடுத்தா 20ல 6 தான் மிஞ்சும், கடவுள் இல்லாத 80ல தாயத்து எப்படியும் சும்மா தான் இருக்கும், ஆக 86ல 6, அதாவது 7 சதவீதம், தியரி கிட்டத்தட்ட காலி. இப்போ மறைஞ்சு போற சீன் வருது. கடவுள்னா அப்படி போக பாதிக்கு பாதி வாய்ப்பு, சாதா மனுஷன்னா 20ல ஒண்ணுன்னு வெச்சா, 6ல 3, 80ல 4. மொத்தம் 7ல 3, ஒரே சீன் 7 சதவீதத்த 43க்கு தூக்கிடுச்சு! நாவல்ல எல்லாம் சரியா எழுதியிருந்தார்ங்கற க்ளூவ ஃபேன்ஸ் ரொம்ப கொண்டாடினாங்க, ஆனா தீர்க்கதரிசியா இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார், அதனால அது கணக்க ஒரு பக்கமும் நகர்த்தாது.

நம்ம மூளை இவ்வளவு நியாயமா கணக்கு போடாதுங்கறது தான் பிரச்சனை. 2012ல கெவின்னு ஒரு பையன் புது தீர்க்கதரிசியா வந்தான், ஒரு நேரத்துல ஒரே ஒரு தீர்க்கதரிசி தான் இருக்க முடியும்னும் சீரியல் சொல்லுச்சு. உடனே பாத்தீங்களா சக் தீர்க்கதரிசியே இல்ல, கடவுள் தான்னு ஒரு பக்கம் வாதம், இல்ல அவர் செத்துட்டார்னு இன்னொரு பக்கம் வாதம், ஒரே க்ளூ ரெண்டு கட்சிக்கும் சாட்சி. 1979ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டியில மரண தண்டனைய ஆதரிக்கறவங்க, எதிர்க்கறவங்க ரெண்டு தரப்புக்கும் அதே ஆய்வு முடிவுகள படிக்க குடுத்தப்போ படிச்சு முடிச்சு அவங்கவங்க பக்கம் இன்னும் உறுதியா நின்னாங்க, இங்கயும் நடந்தது அதே தான்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு, இத நிறைய பேர் கவனிக்கறதில்ல. மழை வருமான்னு நாம பேசறது மேகத்துக்கு கேக்காது, சீரியல் எழுதறவங்களுக்கு கேக்கும். அது மட்டுமில்ல, கேள்வி எழுந்த நேரத்துல பதில்னு ஒண்ணு இருந்திருக்கணும்னே கட்டாயம் இல்ல. ட்வின் பீக்ஸ் சீரியல்ல பாப்னு ஒரு கெட்ட ஆவி வரும், அதுல நடிச்ச ஃப்ராங்க் சில்வா செட்ட அலங்கரிக்கற வேலைக்கு வந்தவர். டைரக்டர் டேவிட் லிஞ்ச் முதல் எபிசோட எடுத்துட்டு இருந்தப்போ இவர கட்டிலோரமா உக்கார வெச்சு எதுக்குன்னே தெரியாம ஒரு ஷாட் எடுத்து வெச்சார், அப்புறம் வேற ஒரு சீன்ல இவர் உருவம் தவறுதலா கண்ணாடியில விழுந்துடுச்சு, லிஞ்ச் அத தூக்கி எறியாம கதைக்குள்ளயே சேர்த்துட்டார். 1990ல அத உன்னிப்பா பாத்தவங்களுக்கு கண்ணாடியில தெரிஞ்ச முகம் வேணும்னே வெச்ச க்ளூ, எடுத்தவங்களுக்கோ அது தற்செயல், அர்த்தம் பின்னாடி தான் வந்துச்சு. சக் விஷயத்துலயும் சீரியல உருவாக்கின எரிக் க்ரிப்கி அஞ்சாவது சீசன் முடிஞ்சதும் தலைமை பொறுப்புல இருந்து விலகிட்டார், 2016ல பதில் சொன்ன சீசன நடத்தினது வேற ஆளுங்க.

பதில் வந்ததுக்கு அப்புறம் எல்லாரும் எனக்கு அப்பவே தெரியும்னு சொல்றதுக்கும் ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்க அதிபர் நிக்சன் 1972ல சீனா போறதுக்கு முன்னாடி அங்க என்னென்ன நடக்க எத்தனை சதவீதம் வாய்ப்புன்னு ஸ்டூடண்ட்ஸ் கிட்ட எழுதி வாங்கி, பயணம் முடிஞ்சதும் நீங்க அப்போ என்ன நம்பர் போட்டீங்கன்னு கேட்டாங்க ஃபிஷ்ஹாஃப், ரூத் பெய்த்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள். நடந்துடுச்சுன்னு நம்பின விஷயத்துக்கு அப்போ போட்டத விட பெரிய நம்பர் போட்டதா தான் நிறைய பேருக்கு ஞாபகம் இருந்துச்சு. அதனால தியரி பேசறவங்க இன்னைக்கு தேதி, நம்பிக்கை எத்தனை சதவீதம், எந்த சீன் வந்தா இத கைவிடுவேன், இந்த மூணையும் அப்பவே எழுதி வெச்சுக்கறது நல்லது.