கோழியா, ஆடா, மாடா? கிருமியின் பூர்வீகம் தேடும் ஆய்வகம்

2006-இல் நியூசிலாந்தில் 15,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவால் வயிற்றுப்போக்கு வந்ததாகப் பதிவானது. அப்போது அந்த நாட்டு மக்கள்தொகையே சுமார் 42 லட்சம்தான். டாக்டரிடம் போகாமல் வீட்டிலேயே படுத்துத் தேறியவர்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இது எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் கோழிக்கறி மேல்தான். ஆனால் நியூசிலாந்தில் மனிதர்களைவிட ஆடுகள் பல மடங்கு அதிகம், மாடுகளுக்கும் குறைவில்லை. இந்தக் கிருமி ஆட்டின் குடலிலும் மாட்டின் குடலிலும் இருக்கும், ஆற்று நீரிலும் இருக்கும். கோழியை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது?

நோயாளியிடம் கேட்டுப் பெரிதாகப் பயனில்லை. கிருமி உள்ளே போய் நோய் தலைகாட்டப் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து நாள் ஆகும். போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன சாப்பிட்டோம் என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஒரே விருந்தில் சாப்பிட்டுச் சேர்ந்து நோயில் படுத்தவர்கள் என்றால் துப்பு கிடைக்கும். கேம்பிலோபாக்டர் பெரும்பாலும் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்றுதான் தாக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே போதும். பிரிட்டனில் ஓர் ஆய்வாளர் சுமார் 500 கிருமிகளைப் பாலில் கலந்து தானே குடித்துப் பார்த்தார். நோய் வந்தது. 1981-இல் அதை மருத்துவ இதழில் எழுதியும் விட்டார்.

ஆக, நோயாளியை விட்டுவிட்டுக் கிருமியை விசாரிக்க வேண்டும்.

நோயாளியின் மலமாதிரியை, கரித்தூள் கலந்த கன்னங்கரிய ஊட்டக்கூழ் நிரப்பிய பெட்ரி தட்டில் தேய்ப்பார்கள். அந்தக் கூழில் இருக்கும் ஆன்டிபயாட்டிக் மற்றக் குடல் பாக்டீரியாக்களை வளரவிடாது. தட்டை 42 டிகிரி சூட்டில், ஆக்சிஜன் வெறும் 5 சதவீதம் இருக்கும் பெட்டியில் இரண்டு நாள் வைக்க வேண்டும். 42 டிகிரி என்பது ஏறக்குறைய பறவையின் உடல் சூடு. கோழிக்குடல் இந்தக் கிருமிக்குச் சொந்த வீடு மாதிரி. அதனால்தானோ என்னவோ, குடலில் கோடிக்கணக்கில் இது குடியிருந்தாலும் கோழி பெரும்பாலும் நன்றாகவே மேய்ந்துகொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்துத் தட்டில் சாம்பல் நிறத்தில், ஈரம் மினுங்க, தட்டையாகப் படர்ந்த புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே செல்லிலிருந்து பெருகிய கூட்டம்.

இதுவரை செய்தது, வந்திருப்பது கேம்பிலோபாக்டர்தான் என்று உறுதிசெய்ய மட்டும். ஆட்டிலிருந்து எடுத்ததும் கோழியிலிருந்து எடுத்ததும் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரிதான் நெளியும். எந்த வம்சம் என்று கண்டுபிடிப்பது அடுத்த கட்டம். இதைத்தான் டைப்பிங் என்கிறார்கள்.

முன்பு டி.என்.ஏ.வை நொதியால் துண்டாக்கி, மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓடவிட்டு, துண்டுகளின் அளவுக்கேற்ப விழும் கோடுகளை ஒப்பிடுவார்கள். ஒரு விருந்தில் பலர் ஒன்றாக நோயில் படுத்தால் அது நன்றாகவே உதவும். ஆனால் ஓர் ஆய்வகத்தின் கோடுகளை இன்னோர் ஆய்வகத்தின் கோடுகளோடு பொருத்துவது பெரிய தலைவலி. 1998-இல் மூளைக்காய்ச்சல் பாக்டீரியாவுக்காக எம்.எல்.எஸ்.டி. என்ற முறை வந்தது; சில மரபணுக்களின் எழுத்து வரிசையைப் படித்து வகை பிரிப்பது அது. 2001-இல் அது கேம்பிலோபாக்டருக்கும் வந்தது.

இதில் ஏழு மரபணுக்களைப் பார்ப்பார்கள். எல்லாமே கிருமி உயிர்வாழ அன்றாடம் தேவைப்படுபவை; ஆற்றல் தயாரிக்க, அமினோ அமிலத்தைக் கையாள, இப்படி. இல்லாமல் தீராது என்பதால் எல்லாக் கேம்பிலோபாக்டரிலும் இருக்கும், மெதுவாகத்தான் மாறும். ஒவ்வொன்றிலும் 400, 500 டி.என்.ஏ. எழுத்து நீளமுள்ள பகுதியை பி.சி.ஆர். என்ற நகலெடுக்கும் முறை மூலம் பெருக்கி வரிசையைப் படிப்பார்கள். உலகில் முதலில் கண்ட வரிசைக்கு எண் 1, அடுத்த புது வரிசைக்கு 2. ஏழு மரபணுவுக்கு ஏழு எண். 2-1-1-3-2-1-5 என்று வந்தால் அது எஸ்.டி.-21 (எஸ்.டி. என்றால் வரிசை வகை). 4-7-10-4-1-7-1 என்றால் எஸ்.டி.-45. படம் இல்லை, வெறும் எண்கள். வெலிங்டனில் படித்ததை ஆக்ஸ்போர்டில் உள்ள தரவுத்தளத்தில் அப்படியே தேடலாம்.

ஒரு எழுத்து மாறினாலும் புது எண்தான், இருபது எழுத்து மாறினாலும் அதே போலப் புது எண்தான். அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் கேம்பிலோபாக்டர்கள் தங்களுக்குள் டி.என்.ஏ. துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும். இருபது எழுத்தும் ஒரே கொடுக்கல் வாங்கலில் மாறியிருக்கலாம். எழுத்தை எண்ணி உறவை அளந்தால் கணக்கு தப்பும்.

சரி, நோயாளியிடம் எஸ்.டி.-45 இருக்கிறது. அப்புறம்? அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஊரில், அதே காலத்தில் கோழியிலும் ஆட்டிலும் மாட்டிலும் ஆற்றிலும் என்னென்ன எண்கள் இருந்தன என்று தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் மெஸ்ஸி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அந்நாட்டின் மானவாட்டு பகுதியில் 2005 முதல் இதைத்தான் செய்தார்கள். நோயாளிகளின் மாதிரிகளோடு கடைக்கோழி, மேய்ச்சல் நிலத்துச் சாணம், ஆற்று நீர், காட்டுப் பறவைகளின் எச்சம் என எல்லாவற்றையும் வருடக்கணக்கில் சேர்த்தார்கள். பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் இந்தத் துறையில் உண்மையான சாமர்த்தியம் இயந்திரத்தில் இல்லை, இந்தச் சேகரிப்பில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அங்கே எஸ்.டி.-474 என்ற வகை நோயாளிகளிடம் அடிக்கடி வந்தது. உலகின் மற்ற இடங்களில் அது அபூர்வம். மானவாட்டில் கோழிக்கறியில் தாராளமாகக் கிடைத்தது. எல்லா வகையும் இவ்வளவு நேராகக் கைகாட்டாது. எஸ்.டி.-21 மாட்டிலும் இருக்கும், கோழியிலும் இருக்கும். அதற்கு, ஒவ்வொரு விலங்கிலும் அது எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதை வைத்து, இதற்கு இத்தனை வாய்ப்பு, அதற்கு அத்தனை வாய்ப்பு என்று பிரித்துக் கணக்கிட வேண்டும். அப்படி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது பாதிக்கும் மேல் கோழிக் கணக்கில் போய் விழுந்தது.

அதன் பிறகு கோழி வெட்டும் ஆலைகளில் கிருமி அளவுக்குக் கட்டாய வரம்பு வந்தது. 2002–2006 சராசரியோடு ஒப்பிட்டால் 2008-இல் நோயாளிகள் 54 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

ஆனால் 2016 ஆகஸ்டில் அதே நாட்டில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் நோயில் விழுந்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகை சுமார் 14,000. அடைமழை பெய்திருந்தது, ஊருக்குக் குளோரின் கலக்காத ஆழ்குழாய்த் தண்ணீர். இப்போது ஏழு மரபணுவோடு நிற்காமல் முழு மரபணுத் தொகுதியையே படிக்க முடிந்தது. நோயாளிகளின் கிருமியும் கிணற்றுக்கு அருகே மேய்ந்த ஆடுகளின் கிருமியும் பொருந்தின. இந்தத் தடவை கோழிக்குச் சம்பந்தமில்லை.

இப்போது ஒரு புதுச் சிக்கல். பல மருத்துவமனைகளில் தட்டில் வளர்ப்பதை விட்டுவிட்டு, மலத்திலிருந்தே நேராக பி.சி.ஆர். செய்து சில மணி நேரத்தில் ‘கேம்பிலோபாக்டர் இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறார்கள். நோயாளிக்கு அது நல்லது. ஆனால் வளர்த்த புள்ளி இல்லாமல் வழக்கமான டைப்பிங்கைச் செய்ய முடியாது. அதனால் சில இடங்களில், பி.சி.ஆரில் ‘பாசிட்டிவ்’ வந்த மாதிரிகளை மறுபடி அந்தக் கறுப்புத் தட்டில் தேய்த்து, இரண்டு நாள் காத்திருந்து வளர்த்தெடுக்கிறார்கள்.