சொரியாசிஸ்: சொறி அல்ல, அழற்சி

சொரியாசிஸ் என்ற பெயரைக் கேட்டதும் நம் காதில் விழுவது 'சொறி'. ஒலி ஒற்றுமை தற்செயலானது. அதனால் விளையும் துன்பம் சிறியதல்ல. சொறி, சிரங்கு என்றாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து, தொற்றவே தொற்றாத நோய் உள்ளவருக்குத் தனித் துண்டு, தனித் தட்டு வைத்துவிடுகிறோம்.

மூலச்சொல் கிரேக்கத்துச் 'சோரா', பொருள் அரிப்பு. அரிக்கும் தோல்நோய்கள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கிய பெயர் அது. தொழுநோயோடும் இதை நெடுங்காலம் குழப்பினார்கள். 1841இல் வியன்னாவின் ஃபெர்டினாண்ட் ஹெப்ராதான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார்.

தமிழில் சித்த மருத்துவர்கள் 'காளாஞ்சகப்படை' என்பார்கள். பழைய, அழகான சொல். ஆனால் வழக்கில் 'படை' என்றால் படர்தாமரையும் நினைவுக்கு வரும், அது தொற்றக்கூடியது. 'செதில் உதிர் நோய்' கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது. 'தடிப்புத் தோல் அழற்சி' என்பதே என் தேர்வு. சற்று நீளம்தான், ஆனாலும் உள்ளே நடப்பதைச் சொல்கிறது: அழற்சி என்பது நோய் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழுந்து உண்டாக்கும் சிவப்பும் வீக்கமும்.

அதை மெய்ப்பித்தவை மருந்துகள். தோல் அணுக்கள் ஒரு மாதத்தில் அடையும் வளர்ச்சியை இந்த நோயில் சில நாட்களிலேயே முடித்துவிடுகின்றன. அதனால் கோளாறு தோலில்தான் என்று கருதி, அணுப் பெருக்கத்தைத் தடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டைக் கொடுத்தார்கள். 1979இல், நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்த சிலருக்குத் தோல் தெளிந்தது. தூண்டுவது நம் எதிர்ப்பாற்றலே என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பட்டது.

பிறகு வந்த ஊசிகள் எதிர்ப்பாற்றல் முழுவதையும் அடக்காமல், அழற்சியை மூட்டும் ஒரு புரதத்தைக் குறிவைத்தன. அமெரிக்காவில் 2015இல் ஒப்புதல் பெற்ற செகுகினுமாப் இன்டர்லூக்கின்-17 என்ற புரதத்தையும், 2019இல் வந்த ரிசான்கிசுமாப் இன்டர்லூக்கின்-23ஐயும் தடுக்கின்றன. வாயில் நுழையாத இப்பெயர்களிலும் பொருள் உண்டு: 'கி' இன்டர்லூக்கினைக் குறிக்கும், 'மாப்' என்றால் ஆய்வகத்தில் ஒரே வார்ப்பாக உருவாக்கிய எதிர்ப்பொருள். கியூபாவில் தோன்றி இந்தியாவில் வளர்த்தெடுக்கப்பட்ட இட்டோலிசுமாப் 2013இல் இங்கே ஒப்புதல் பெற்றது. 2022இல் டியூக்ராவாசிட்டினிப் மாத்திரையாகவே வந்தது.

இவை நோயை அடக்கி வைக்கின்றன, வேரோடு நீக்குவதில்லை. 'அழற்சி' என்ற சொல் மனதில் பதிந்தவருக்கு இன்னொன்றும் புரியும்: தோல் நோய்க்குப் போன இடத்தில், ஊசி போடும் முன் டாக்டர் ஏன் காசநோய்ப் பரிசோதனை எழுதித் தருகிறார் என்பது. எதிர்ப்பாற்றலில் கைவைத்தால், உடலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமி விழித்துக்கொள்ளலாம்.