மொழி ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி: விதி என்ன, எப்படிப் பயன்படுத்தலாம்?

ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது தேசியக் கல்விக் கொள்கை 2020. அது அவரவர் ஆர்வத்தின் வழியில் அமைய வேண்டும் என்றும் சொல்கிறது. 50 என்ற எண் பிரபலமாகிவிட்டது. ஆர்வம் என்ற பகுதியை யாரும் கண்டுகொள்வதில்லை.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இந்தப் பயிற்சி கட்டாயம். 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனங்களோ நடத்துவது. மீதி 25 மணி நேரத்தைப் பள்ளிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது பல பள்ளிகள் சேர்ந்து நடத்தலாம். பொருள் வாரியாகவும் ஒரு பங்கீடு உண்டு: விழுமியமும் அறமும் 12 மணி, பாட அறிவும் கற்பித்தலும் 24, பணி வளர்ச்சி 14. தமிழ்நாட்டின் மாநிலப் பாடத்திட்ட ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கான பயிற்சி மாநில ஏற்பாட்டில், வட்டார வள மையங்கள் போன்றவற்றின் வழியாக வருகிறது.

வாரியப் பயிற்சியில் தலைப்பு நம் கையில் இல்லை. கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே அரங்கில் உட்கார்ந்து பொதுவான ஒன்றைக் கேட்டுவிட்டு வருவதும் நடக்கும். மொழி ஆசிரியருக்கு உண்மையான வாய்ப்பு பள்ளிக்குள் நடக்கும் அந்த 25 மணி நேரம்தான். அதைக் கேட்டு வாங்க வேண்டும். கல்வியாண்டு தொடங்கும்போதே துறை ஆசிரியர்கள் சேர்ந்து தலைப்புகளை எழுதி முதல்வரிடம் கொடுத்து, பள்ளியின் ஆண்டுப் பயிற்சித் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அந்த நேரமும் யாரோ ஒருவரின் ஸ்லைடு காட்சியில் போய்விடும்.

தலைப்புக்குப் பஞ்சமில்லை. ஒரே மாணவரின் கட்டுரையை நான்கு ஆசிரியர்கள் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை அப்புறம் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் எழுத்துப்பிழைக்குக் குறைப்பார், இன்னொருவர் கருத்துக்குக் கொடுப்பார். எதற்கு எவ்வளவு என்று அங்கேயே பேசி ஒரு பொது அளவுகோல் எழுதினால், அடுத்த தேர்வுக்கே பயன்படும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளையை எழுத்துக்கூட்டல் நிறுத்துகிறதா, சொல் தெரியாமல் நிற்கிறதா என்று பிரித்தறிவது இன்னொரு தலைப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு. வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசுகிறார், மாணவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைச் சக ஆசிரியர் ஒருவர் குறித்துக் கொடுப்பதும் நல்ல பயிற்சி, கொஞ்சம் சங்கடமாக இருந்தாலும்.

மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்ஷாவில் கட்டணமில்லாத படிப்புகள் இருக்கின்றன, நிஷ்டா என்ற தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் தொகுப்புகள் உட்பட. நிஷ்டா 3.0 முழுக்கவே அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுக்கானது; தொடக்க வகுப்பில் மொழி கற்பிப்பவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். படிப்பை முடித்தவுடன் சான்றிதழைப் பதிவிறக்கி வையுங்கள். பள்ளி அமர்வாக இருந்தால் தேதி, தலைப்பு, நேரம், நடத்தியவர் பெயர், கையெழுத்திட்ட வருகைப் பதிவு ஆகியவற்றின் நகல் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். பள்ளி மாறும்போது பழைய பதிவேட்டைத் தேடி அலைய வேண்டியிருக்காது.