கிரீஸ் போட முடியாத பேரிங்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அம்மாவுக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். ஊசி வழியாக மருந்து ஏறியதும் தொண்டையிலிருந்து அடிவயிறு வரை குப்பென்று சூடு பரவியதாக அம்மா சொன்னாராம். அதிலிருந்து வீட்டில் மூன்று நாளாக மோரும் இளநீரும்தான். 'கதிர் சூடு' இறங்க வேண்டுமே! கூடப் போன தம்பி எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி மெக்கானிக். அவருடைய சந்தேகம் வேறு: "உள்ளே ஏதோ பெரிய பேரிங் ஓடுற சத்தம் கேட்டுச்சுக்கா. அதுக்கெல்லாம் எப்படி கிரீஸ் வைப்பாங்க?"

முதலில் அக்காவுக்கு. அந்தச் சூடு அயோடின் கலந்த மருந்தின் வேலை. ரத்தக் குழாய்கள் சற்று விரிவதால் வரும் உணர்வு, சீக்கிரமே போய்விடும். எக்ஸ் கதிரால் உடம்பின் வெப்பம் ஒரு டிகிரியில் லட்சத்தில் ஒரு பங்குகூட ஏறாது. கதிரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது செல்லின் டி.என்.ஏ.வுக்காக. அதனால்தான் தேவையில்லாமல் ஸ்கேன் எடுக்கக் கூடாது என்கிறோம். மோர் குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அது தணிக்கிற சூடு அங்கே இல்லவே இல்லை.

உண்மையான சூடு மெஷினுக்குள் இருக்கிறது. தம்பியின் கேள்விக்கும் அதுதான் வாசல்.

வடை போன்ற அந்த வளையத்துக்குள் ஒரு பக்கம் எக்ஸ் கதிர்க் குழாய், எதிர்ப்பக்கம் உணர்விகள். இரண்டும் சேர்ந்து நோயாளியைச் சுற்றிவருகின்றன. பல நூறு கோணங்களில் கிடைக்கும் நிழல்களைக் கணினி ஒரு குறுக்குவெட்டுப் படமாகச் சேர்க்கிறது. 1971-ல் லண்டனில் ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆயின. இன்றைய வேகமான கருவிகள் கால் விநாடியில் ஒரு சுற்று முடிக்கின்றன. முன்பெல்லாம் மின் கேபிள் முறுக்கிக்கொள்ளும் என்பதால் ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்று திரும்ப வேண்டும். 1987 வாக்கில் வழுக்கு வளையம் வந்தது. கும்மிடிப்பூண்டி லோக்கலின் கூரைமேல் ஒரு சட்டம் மின்கம்பியை உரசியபடியே கரண்ட் எடுத்துக்கொண்டு ஓடுகிறதே, அதேபோல் கார்பன் பிரஷ்கள் உலோக வளையங்களை உரசியே மின்சாரத்தைக் கொடுக்கின்றன. அப்புறம் நிற்காமல் சுற்றலாம்.

தம்பி கேட்ட சத்தம் இந்தப் பெரிய வளையத்தினுடையது. அதன் பேரிங்குக்குத் தாராளமாகக் கிரீஸ் வைக்கலாம். சிக்கல், குழாய்க்குள் இருக்கும் சின்ன பேரிங்கில்.

எக்ஸ் கதிரை உண்டாக்க எலக்ட்ரான்களை வேகமாக ஓடவிட்டு டங்ஸ்டன் பூசிய ஒரு தட்டில் மோத விடுகிறார்கள். 1,20,000 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் 60 கிலோவாட். வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பு முப்பதை ஒன்றாகச் சேர்த்து, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள புள்ளியில் காட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் எக்ஸ் கதிராகிறது. மற்றதெல்லாம் வெப்பம். தட்டு அசையாமல் நின்றால் டங்ஸ்டனே உருகிவிடும். அதனால் தட்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுழற்றுகிறார்கள், தோசைக்கல்லைச் சுற்றிக்கொண்டே சூடேற்றுவது மாதிரி.

சுழல வேண்டுமென்றால் பேரிங் வேண்டும். ஆனால் குழாய்க்குள் வெற்றிடம். அங்கே எண்ணெயோ கிரீஸோ வைத்தால் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். போதாக்குறைக்கு, பக்கத்தில் செக்கச்சிவந்த தட்டு.

பழைய தீர்வு கேரம் போர்டு தீர்வு. வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டாம்: பலகையில் பவுடர் தூவினால் காய் பறக்கும். அதேபோல் பேரிங் குண்டுகளின் மேல் வெள்ளியையோ ஈயத்தையோ மெல்லியதாகப் பூசிவிடுவார்கள். மென்மையான உலோகம், குண்டுக்கும் பாதைக்கும் நடுவே பவுடர் வேலை பார்க்கும். ஆனால் தேயும், சத்தம் போடும். தவிர, குண்டுகள் புள்ளி புள்ளியாகத்தான் தொடுகின்றன என்பதால் தட்டின் வெப்பம் அந்த வழியாக அதிகம் வெளியேற முடியாது. தட்டு ஒளிர்ந்து ஒளிர்ந்தே ஆற வேண்டும். அதுவரை அடுத்த நோயாளி காத்திருக்க வேண்டும்.

இதற்கு ஃபிலிப்ஸ் நிறுவனம் 1989-ல் கொண்டுவந்த விடை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். குண்டுகளையே தூக்கிப் போட்டுவிட்டு, அசையாத அச்சுக்கும், தட்டோடு சேர்ந்து அதைச் சுற்றிச் சுழலும் உருளைக்கும் நடுவே திரவ உலோகத்தை ஊற்றினார்கள்.

கேலியம் சுமார் 30 டிகிரி செல்சியஸில் உருகும். சென்னை மே மாதத்தில் மேஜைமேல் வைத்தாலே போதும், குளமாகிவிடும். ஆனால் ஸ்கேன் அறையில் ஏசி ஓடுகிறதே, உறைந்துவிடாதா? அதற்காகத்தான் இண்டியமும் வெள்ளீயமும் சேர்க்கிறார்கள். அந்தக் கலவை குளிர்ந்த அறையிலும் திரவமாகவே இருக்கும். வெற்றிடத்தில் ஆவியாவதும் இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு.

அச்சின்மேல் மெல்லிய சாய்கோடுகளைச் செதுக்கியிருப்பார்கள். காசிமேட்டில் மீனைப் பிளந்தால் நடுமுள்ளின் இருபக்கமும் சாய்ந்து நிற்கும் முட்களைப் பார்த்திருப்பீர்கள், அதே வடிவம். தட்டு சுழலும்போது இந்தச் சாய்கோடுகள் திரவத்தை இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ளும். நடுவில் அழுத்தம் ஏறும். உருளை அச்சைத் தொடாமல் மிதக்கத் தொடங்கும். மழைநாளில் லாரி டயர் ரோட்டைத் தொடாமல் தண்ணீர்மேல் வழுக்குமே, டிரைவருக்கு வயிற்றைக் கலக்கும் அதே சங்கதிதான். இங்கே அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. உலோகத்தோடு உலோகம் உரசுவதில்லை, எனவே சத்தமும் தேய்மானமும் இல்லாத மாதிரிதான்.

இதில் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. திரவம் முழுப் பரப்பையும் தொடுகிறது, அதுவும் உலோகம். ஆகவே வெப்பம் அதன் வழியே அசையாத அச்சுக்கு இறங்கும். அச்சின் உட்குழிவில் ஓடும் குளிர்விப்புத் திரவம் அதை எடுத்துக்கொண்டு போகும். எலக்ட்ரான் கொண்டுவரும் மின்னோட்டமும் இதே பாதையில் வெளியேறும். சுழலவிடுவது, குளிர்விப்பது, மின்சாரம் கடத்துவது மூன்றுக்கும் சில சொட்டு உலோகம்.

வலிமையும் குறைவில்லை. தட்டு சுழல்வது போதாதென்று, பெரிய வளையம் குழாயையே தூக்கிக்கொண்டு நோயாளியைச் சுற்றுகிறதே. 60 செ.மீ. ஆரத்தில் கால் விநாடிக்கு ஒரு சுற்று என்றால், புவியீர்ப்பைப் போல் சுமார் 38 மடங்கு விசை. தட்டு 5 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 190 கிலோவாகக் கனக்கும். அதையும் அந்த மெல்லிய படலமே தாங்க வேண்டும்.

சீமென்ஸ் 2003-ல் வேறு குறுக்குவழி கண்டது: தட்டை மட்டும் சுழற்றாமல் குழாயையே எண்ணெய்க்குள் சுழலவிட்டு, பேரிங்கை வெற்றிடத்துக்கு வெளியே வைத்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் என் ஓட்டு கேலியத்துக்கே.

ஒரு ஆதங்கம். பீட்டில்ஸ் இசைத்தட்டு விற்ற ஈ.எம்.ஐ.யின் காசில்தான் சி.டி. பிறந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. ஆனால் உண்மையில் உருவாக்கச் செலவில் பெரும்பங்கு பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை கொடுத்தது. இன்று 'செயற்கை நுண்ணறிவு' என்று தலைப்பு வைத்தால் ஆய்வுக்குப் பணம் வருகிறது. உராய்வைப் படிக்கிறேன் என்றால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஆயுத பூஜைக்கு மெஷினின் வெளிமூடிக்குப் பொட்டு வைக்கிறோம். கும்பிட வேண்டிய பேரிங் உள்ளே இருக்கிறது.

தம்பிக்கு ஒரு கடைசித் தகவல். இந்த பேரிங்கில் உலோகம் உலோகத்தைத் தொடுவது கிளம்பும்போதும் நிற்கும்போதும் மட்டும்தான். ஆகவே இதை நிறுத்துவதே அபூர்வம், காலையில் ஓடவிட்டால் நாள் முழுக்கச் சுழலும். அம்மாவுக்கு எடுத்தது இந்த வகைக் குழாய் என்றால், அவர் படுக்கையிலிருந்து இறங்கிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதும் அந்தத் தட்டு சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்திருக்கும்.