தண்ஹா: ஆசையா, வேட்கையா?

‘ஆசையே துன்பத்துக்குக் காரணம்.’ புத்தர் படத்துக்குக் கீழே இந்த வரி வராத வாட்ஸ்அப் குழு உண்டா? பள்ளிக்கூடம் முதல் பட்டிமன்றம் வரை இதே பாட்டுதான். சாரநாத்தின் முதல் உரையில் புத்தர் துக்கத்துக்குக் காரணமாகச் சொன்னது தண்ஹா. பாலிச் சொல்; வடமொழியில் திருஷ்ணை. நேர்ப்பொருள் தாகம். சொற்பிறப்பு அவ்வளவுதான்.

தாகத்தை ஆசையாக்கியதில் வந்த வினை கொஞ்சமல்ல. மகள் டாக்டராக வேண்டும் என்பதும் ஆசை, மழைக்குச் சூடாக பஜ்ஜி தின்பதும் ஆசை. இதையெல்லாமா விடச் சொன்னார்? உடனே ஒருவர் எழுந்து, “ஆசையை ஒழிக்க நினைப்பதும் ஆசைதானே?” என்று மடக்குவார். கைதட்டல் வேறு. கோசம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் அன்றே இப்படி மடக்கிப் பார்த்தார். “இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம், வந்து சேர்ந்ததும் அடங்கிவிட்டது அல்லவா?” என்று திருப்பிக் கேட்டார் ஆனந்தர். அங்கே வரும் சொல் தண்ஹா அல்ல, சந்தம் (பாட்டின் சந்தம் வேறு). அது நல்ல வழியிலும் போகும், போன வேலை முடிந்தால் ஓயும். பாலிக்கு இரண்டு சொல். நமக்கு இரண்டும் ஆசை!

சிலர் ‘பேராசை’ என்று திருத்துகிறார்கள். அளவைக் குறைத்தால் போதும்போல. தண்ஹா மூன்று வகை: புலனின்பம் வேண்டும், இருந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாமலே போய்விட வேண்டும். செத்துத் தொலைந்தால் தேவலை என்பவரின் தவிப்பைப் பேராசை என்போமா? ‘அவா’ பரவாயில்லை, குறளும் அதைப் பிறப்பு ஈனும் வித்து என்கிறது. ஆனால் அதில் தாகம் இல்லை.

வேட்கையில் இருக்கிறது. நீர்வேட்கை என்றாலே தாகம்தான். மணிமேகலை சொல்லும் பன்னிரு நிதானங்களில், அதாவது ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் காரணச் சங்கிலியில், நுகர்வு, வேட்கை, பற்று, பவம் என்றே வரிசை போகிறது. விளக்கமும் உண்டு: ‘வேட்கை விரும்பி நுகர்ச்சி ஆராமை.’ எவ்வளவு நுகர்ந்தும் நிறையவில்லை என்பதுதான் சிக்கலே. ‘விடுதலை வேட்கை’ நல்லதுதானே என்பார்கள். சரி, அது மேடை வழக்கு; தாகத்துக்கும் அந்தக் கதிதான்.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தைப் புரட்டிவிட்டு அகராதியின் முதல் சொல்லை எடுத்துப் போடுகிறார்கள். வேட்கைக்கு அடுத்த பற்றை, மணிமேகலை எழுதிய சாத்தனார் ‘பசைஇய அறிவு’ என்று தனியே பிரிக்கிறார், ஒட்டிக்கொண்டுவிட்ட அறிவு. நான் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ஒரே சொல். அதனால் ‘வேட்கையால் பற்று உண்டாகிறது’ என்று வர வேண்டிய வரி இப்படி அச்சாகியிருந்தது: ‘ஆசையால் ஆசை உண்டாகிறது.’