நகர மன்றத்துக்குப் புகார் எழுதுவோருக்கும் அதைப் படிப்போருக்கும்

சென்ற மாதம் மீண்டும் அதே வகையான ஒரு விவகாரம் எங்கள் சமூக மனநலக் குழுவிடம் வந்தது. கணவரை இழந்து தனியாக வாழும், அறுபது வயதைக் கடந்த ஒரு தமிழ்ப் பெண்மணி. வீட்டு வாசலில் பழைய செய்தித்தாள் கட்டுகள், காலி அரிசி மூட்டைகள், உடைந்த மின்விசிறிகள். நள்ளிரவில் உரத்த குரலில் யாரையோ திட்டும் பழக்கமும் இருந்தது. அண்டைவீட்டார், குடியிருப்பின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் புகார் எழுதினார்கள், எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தன, பிறகு ஒரு நாள் லாரி வந்து எல்லாவற்றையும் அள்ளிச் சென்றது. இவ்வளவு நடந்தும் மனநலப் பணியாளர் ஒருவரிடம்கூட எவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் போனபோது அவர் கதவைத் திறப்பதையே நிறுத்தியிருந்தார். நீரிழிவு மாத்திரைகளையும் விட்டுவிட்டிருந்தார். அடையாளம் தெரியாதிருக்க விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனாலும் இதைப் படிக்கும் பலர் தங்கள் புளோக்கில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சிங்கப்பூரில் வசிப்போரில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். ஆகவே ஒருவருடைய மனம் தளர்வதை முதலில் காண்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். மாடியைக் கூட்டும் துப்புரவாளர், பராமரிப்புக் கட்டணம் பல மாதங்களாகக் கட்டப்படாததைக் கணக்கில் காணும் ஊழியர், புகாரைப் பதிவுசெய்யும் அதிகாரி ஆகியோரின் கண்ணில்தான் அது முதலில் படுகிறது. தேசிய மக்கள்தொகைச் சுகாதாரக் கருத்தாய்வின்படி மோசமான மனநலத்துடன் இருப்போர் 2020இல் 13.4 விழுக்காடாக இருந்து 2022இல் 17 விழுக்காடாக உயர்ந்திருக்கிறார்கள். இத்தனை பேரையும் மருத்துவமனை வாசலில் காத்திருந்து கண்டுபிடிக்க முடியாது.

என்னை மிகவும் வருந்தச் செய்வது, “ஐஎம்எச்சுக்குப் போன் போட்டு ஆளை அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், அதுதான் ஒரே வழி” என்ற பேச்சு. படித்தவர்கள் சொல்கிறார்கள், குடியிருப்பாளர் குழுவில் தொண்டு செய்பவர்களும் சொல்கிறார்கள். ஐஎம்எச் என்பது புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகம் என்ற மருத்துவமனை. அது அண்டைவீட்டார் வேண்டுகோளின் பேரில் எவரையும் பிடித்துவைக்கும் இடம் அன்று. 2008ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்பு, சிகிச்சைச் சட்டப்படி, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்க வேண்டுமானால் அவருடைய உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பிறருடைய பாதுகாப்புக்கோ அது அவசியம் என்று மருத்துவர் நேரில் பரிசோதித்து முடிவுசெய்ய வேண்டும். அதுவும் முதலில் 72 மணி நேரத்துக்குத்தான். அதற்குமேல் ஒரு மாதம், பிறகு ஆறு மாதம் என நீட்டிப்பதற்கு ஒவ்வொரு முறையும் தனித்தனி மருத்துவப் பரிசோதனை தேவை. மனநலக் கோளாற்றால் ஆபத்து விளையக்கூடும் என்று தோன்றும் நிலையில் காவல்துறை தலையிடுவதற்கான வரம்பை நாடாளுமன்றம் 2024இல் ஓரளவு தளர்த்தியது உண்மைதான். அந்தத் திருத்தம் உயிருக்கும் உடலுக்கும் நேரக்கூடிய ஆபத்தைப் பற்றியது. நடைபாதையில் மூட்டை அடுக்குவதும் இரவில் தனியாகப் பேசுவதும் தம்மளவில் அந்த ஆபத்து ஆகா.

ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தே விட்டாலும் அவர் சில வாரங்களில் அதே புளோக்குக்கு, அதே கதவுக்குத்தான் திரும்பி வரப்போகிறார். அப்போது அவருக்காக அங்கே என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே என் கேள்வி. பொருள்களை அள்ளி எறிந்தால் மட்டும் சேர்த்துக்குவிக்கும் பழக்கம் நிற்பதில்லை. அது தனியொரு மனநலக் கோளாறு என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வகைப்பாடு 2013இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆதரவின்றிக் காலிசெய்த வாசல் மீண்டும் நிறைந்துவிடுவதையும், அந்த மனிதர் முன்னைவிட ஒடுங்கிப்போவதையும் எங்கள் துறையில் இருப்போர் அனைவரும் பார்த்திருக்கிறோம்.

நகர மன்றங்கள் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு பொது இடப் பராமரிப்பு. குடியிருப்போர் கட்டும் பராமரிப்புக் கட்டணத்தில் ஆலோசகரை நியமிக்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் உதவி இருக்கும் இடத்தைக் கைகாட்டிவிட முடியும். வட்டாரங்களில் கிரெஸ்ட் என்ற சமூக ஆதரவுக் குழுக்கள் மக்களைத் தேடிச் சென்று பேசுகின்றன. ஆலோசனையும் மதிப்பீடும் தேவைப்படுவோரைக் காமிட் என்ற சமூக மனநலக் குழுக்கள் கவனித்துக்கொள்கின்றன. இரண்டையும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு வழிநடத்துகிறது. குடும்பச் சேவை நிலையமும் ஒவ்வொரு வட்டாரத்திலும் இருக்கிறது. எனவே ஒரே வீட்டைப் பற்றி இரண்டாவது புகார் வரும்போதே, மூன்றாவது கடிதத்தை அச்சிடும் முன், இந்தக் குழுக்களில் ஒன்றுக்குத் தகவல் போக வேண்டும். “அவருடைய ஒப்புதல் இல்லாமல் எப்படி?” என்று அதிகாரிகள் கேட்பது நியாயமே. கதவருகே நின்று, “உங்களுக்கு உதவி செய்பவர்கள் இருக்கிறார்கள், வரச் சொல்லட்டுமா அம்மா?” என்று கேட்டால், நாம் எதிர்பார்ப்பதைவிடப் பலர் சம்மதிக்கிறார்கள் என்பது என் அனுபவம். முதல் முறை மறுத்தவர்களும் அடுத்த முறை இணங்கியிருக்கிறார்கள்.

கடிதத்தின் மொழியையும் கவனியுங்கள். அந்த அம்மாவுக்கு வந்தவை ஆங்கிலத்தில் இருந்தன. அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். அபராதம் என்ற செய்தி அவருக்கு மூன்றாமவர் வாயிலாகவே போய்ச் சேர்ந்தது, அதுவும் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றப்போகிறார்கள் என்ற திரிபுடன். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில் இதைச் சரிசெய்வது கடினமன்று. துப்புரவாளர்களுக்கும் வட்டார அதிகாரிகளுக்கும் மனச்சோர்வு, முதுமை மறதி, மனச்சிதைவு ஆகியவற்றின் அறிகுறிகளைப் பற்றி அரைநாள் பயிற்சியாவது கொடுங்கள். யாரிடம் சொல்வது என்ற ஒரு பெயரும் எண்ணும் அவர்கள் கையில் இருக்கட்டும்.

இனி அண்டைவீட்டாருக்கு. தீ விபத்தின்போது தப்பிக்க நடைபாதையில் 1.2 மீட்டர் வழி இருந்தாக வேண்டும். அது குறைந்தால் தயங்காமல் புகார் கொடுங்கள், அது உங்கள் உரிமை. குடியிருப்புப் புகார்களுக்கான ஒன்சர்வீஸ் செயலியில் எழுதும்போது பொருள்களைப் படமெடுப்பதோடு நிறுத்திவிடாமல், அந்த மனிதரைப் பற்றியும் ஒரு வரி சேருங்கள்: தனியாக இருக்கிறார், சில வாரங்களாகச் சமைக்கும் வாசனையே இல்லை, தனக்குத்தானே பேசுகிறார் என்று. அந்த ஒரு வரியால் புகார் சரியான கைக்குப் போகலாம். அவர் சத்தமிடுவதைக் கைப்பேசியில் பதிவுசெய்து புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் மீண்டும் சொல்கிறேன்.

என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அண்டைவீட்டாருக்காகக் கவலைப்படும் நீங்களும் அழைக்கலாம். மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண்ணும் இரவு பகலாக இயங்குகிறது. எவரேனும் உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றிப் பேசினால் 1767. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்சுக்கு 995 அல்லது போலிசுக்கு 999. தற்கொலை முயற்சி 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து இந்நாட்டில் குற்றமன்று, ஆகவே போலிஸ் வழக்குக்கு அஞ்சி எந்தக் குடும்பமும் வாய்மூடி இருக்க வேண்டாம்.

தமிழ் பேசும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். உங்கள் மாடியில் தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர் வீட்டுக்கு அதிகாரிகள் வந்தால், அவர் சம்மதித்தால் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துக் கொடுங்கள். நீங்கள் அங்கே கேட்டதை வேறு எவரிடமும் சொல்லாதீர்கள். மறுநாள் ஒருமுறை கதவைத் தட்டி, சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள்.